இரவல் தழும்பு

பலவேசம் தொடையில இன்னொருத்தன் தழும்பு வந்து உட்கார்ந்தது புரட்டாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. நம்பாதவுக இத்தோட எந்திச்சுப் போயிரலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன். அந்நேரம் எங்க தருவைமுனை அளத்துல பாத்திக்குப் பாத்தி உப்பு விளைஞ்சு கண்ணைக் கூச வச்சுக்கிட்டுக் கிடந்துச்சு, மழைக்கு இன்னும் மூணு வாரம் இருக்குன்னு கங்காணி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, உப்பு மூட்டை அடுக்குத கிட்டங்கிக்குள்ள நாங்க நூத்திச்சொச்சம் பேரு அரசாங்கக் காப்பீட்டு அட்டையைக் கையில வச்சுக்கிட்டு வரிசையில நின்னோம், வரிசைக்கு அந்தப் பக்கம் மேசை போட்டு எப்சிபா சிஸ்டர் உட்கார்ந்திருந்தாவ.

எப்சிபா சிஸ்டர்னா ஆறு ஊருக்கு ஒரே நர்சு. ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே கைப்பிள்ளைக்காரி எல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துருவா. அன்னைக்கு அவுக கையில ஊசிப்பெட்டிக்குப் பதிலா சிலேட்டு கணக்கா பெரிய போன் மாதிரி ஒரு டேப் இருந்துச்சு. "இனிமே சீட்டு, ஃபைலு, எக்ஸ்ரே கவருன்னு தூக்கிட்டு அலைய வேண்டாம்மா. உங்க அட்டை நம்பரைச் சேத்துட்டா, எந்த ஆஸ்பத்திரியில என்ன வைத்தியம் பாத்தீங்களோ அம்புட்டும் உங்க போனுக்கே வந்துரும். அது உங்க சொத்து. நீங்க சரின்னு சொன்னாத்தான் டாக்டரே அதைத் திறக்க முடியும்"னு சொன்னாவ.

எங்களுக்கு அது எம்புட்டுப் பெரிய காரியம்னு வெளியூருக்காரவுகளுக்குத் தெரியாது. அளத்து ஊருல காகிதம் நிக்காது. பிரசவச் சீட்டு, பிள்ளைகளோட ஊசி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டு, எல்லாத்தையும் உப்புக்காத்து ரெண்டே கோடையில தின்னு முடிச்சிரும். புது டாக்டர் முன்னால போய் நின்னா நாங்க எல்லாரும் நேத்துப் பொறந்தவுகதான். எங்க உடம்புக்கும் ஒரு எழுத்து இருக்கும், அந்த எழுத்து உதிராதுன்னு கேட்டதும் எங்களுக்குப் பெருமை தாங்கல. பாதிப்பேரு தலைக்கு எண்ணெய் வச்சுப் பூ வச்சுல்லா வந்திருந்தோம்.

பலவேசம்தான் முதல் ஆளு. ஐம்பது வயசுல ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தது கிடையாது, அதுல அவனுக்குத் தனி மிதப்பு. கட்டைவிரலை வச்சான், டேப்புக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரல் "பதிவுகள் இணைக்கப்பட்டன"ன்னு சொல்லுச்சு, அவன் தொடையைச் சொறிஞ்சான், சொறிஞ்ச கையில மேடு தட்டுச்சு, இடுப்புல கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிப் பாத்தா பதினோரு தையலோட ஒரு சாண் நீளத் தழும்பு.

"இது செல்லையா காலுல இருந்ததுல்லா?"ன்னான் பலவேசம்.

அட்டை இல்லாம வேடிக்கை பாக்க வாசல்ல நின்ன செல்லையா வேட்டியை விலக்கிப் பாத்தான். "ஆமாண்ணே, எனக்குப் போயிட்டு. ஆனா உள்ள வச்ச கம்பி இருக்கு, தட்டுப்படுது."

"தழும்பு வந்தா கம்பியும்ல வரணும்?"

"அது எப்படிண்ணே வரும்? கம்பி என் எலும்புல வச்சதுல்லா."

இம்புட்டுதான் பேச்சு. சிஸ்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "அடுத்த ஆளு வாங்க"ன்னாவ.

இது ஏன் நடந்துச்சுன்னு எங்களை யாரும் கேக்கல, நாங்களும் யாரையும் கேக்கல, ஏன்னா பாத்த உடனே எங்களுக்கு விளங்கிட்டு. எங்க ஊருல இரவல் கொடுக்காத பொருள் கிடையாது. உப்பு வாருற பலகை, ரப்பர் பூட்ஸு, வெயிலுக்குப் போடுத கறுப்புக் கண்ணாடி, கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகக் கம்மலு, எல்லாம் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்துக்கிட்டே இருக்கும். அளத்துல வேலை செய்யிறதுல பாதிப்பேரு பிழைப்புத் தேடி வந்தவுக. ரேஷன் கார்டு சொந்த ஊருல கிடக்கும், இல்ல எங்கேயும் இருக்காது. ரேஷன் கார்டு இல்லேன்னா காப்பீட்டு அட்டை இல்ல. உடம்புக்கு ஒண்ணு வந்துட்டா, "எக்கா, உங்க அட்டையைக் கொஞ்சம் தாங்களேன்"னு வந்து நிப்பாவ, குழம்புச் சட்டியைக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுப்போம். வாங்கினவுக எங்க பேரையும் எங்க அப்பன் பேரையும் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயி எங்க பேருல படுத்து, எங்க பேருல மயங்கி, எங்க பேருல கண்ணு முழிச்சு, பத்து நாள்ல அட்டையையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொண்டாந்து தருவாவ. சட்டி போனா வெறுஞ்சட்டியாத்தானே திரும்பி வரும், அட்டையும் அப்படித்தான்னு நினைச்சுட்டோம். அங்க கம்ப்யூட்டர் ஒண்ணு உட்கார்ந்து எல்லாத்தையும் எங்க பேருக்குக் கீழ எழுதிக்கிட்டே இருந்தது எங்க ஒருத்தருக்கும் தோணல.

அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கிட்டங்கிக்குள்ள முப்பத்தோரு தழும்பு ஆளு மாறிச்சு. பிச்சம்மா வயித்துல இருந்த பித்தப்பைத் தழும்பு லூர்துமேரிக்கு வந்துச்சு, லூர்துமேரி "எம்மாடி, குளிருதுட்டி"ன்னு சிரிச்சா. பலவேசத்துக்குத் தொடையோட நிக்கல, விலாவுல இன்னொண்ணும் வந்துச்சு; அது தவமணியோடது, தவமணி செத்து மூணு வருஷம் ஆச்சு. பெரிய தழும்பு தங்கபுஷ்பத்துக்குத்தான் வந்துச்சு, தொண்டைக்குழியில இருந்து நெஞ்சுக்கூடு முடியிற வரைக்கும் நேர்க்கோடா ஒண்ணு. அவ ஜாக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, வாசல்ல நின்ன வேலுத்தாயைத் திரும்பிப் பாத்து, "வந்துட்டுட்டி"ன்னு மட்டும் சொன்னா.

தங்கபுஷ்பம் என் வீட்டுக்காரர் கூடப்பிறந்தவ, என்னை மைனின்னு கூப்பிடுவா. வேலுத்தாய் மேற்க இருந்து புருஷன் இல்லாம ஒத்தையில வந்தவ, ஒன்பது வருஷத்துக்கு முன்னால அவளுக்கு இதயத்துல வால்வு கெட்டுப்போயி தங்கபுஷ்பம் அட்டையிலதான் உலோக வால்வு வச்சாங்க. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அவ கேட்ட முதல் கேள்வி, "தங்கபுஷ்பம் பிழைச்சிட்டாளா?" அந்த வால்வு டிக் டிக்னு வெளியில கேக்கும். அளத்துல வேலுத்தாய் பக்கத்துப் பாத்தியில நின்னா நல்லாவே கேக்கும், பொம்பளைக எல்லாம் அந்தச் சத்தத்துக்குத் தக்கனதான் பலகையை இழுப்போம். தழும்பு தங்கத்துக்கு வந்த பொறவும் சத்தம் வேலுத்தாய்கிட்டத்தான் இருந்துச்சு.

எனக்கு ஒரு தழும்பும் வரல. ஏன் வரலங்கிறதையும் சொல்லிருதேன், மறைச்சு என்ன ஆகப்போகுது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால வேலுத்தாய் அட்டை கேட்டு முதல்ல வந்தது என் வாசலுக்குத்தான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னா. நான், "அட்டையை எங்க வச்சேன்னு தெரியலட்டி"ன்னுட்டேன். அட்டை சாமிப் படத்துக்குப் பின்னாலதான் இருந்துச்சு. பயம், வேற என்ன? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்ன செய்யிறதுங்கிற பயம். அவ நாலு வீடு தள்ளிப் போனா, தங்கம் கேட்டு முடிக்கும் முன்ன எடுத்துக் கொடுத்துட்டா.

ஊரு இந்தக் காரியத்தை எப்படி எடுத்துக்கிட்டுச்சுன்னு கேக்கீங்களா? ஒரு வாரத்துல பழகிட்டு. தழும்பு யாருடையதோ அவுக வந்து எண்ணெய் தேச்சு விடுறதுன்னு ஆச்சு. செல்லையா தினமும் மத்தியானம் கஞ்சி குடிச்ச கையோட வந்து பலவேசம் தொடையில தன் தழும்புக்குத் தானே தேங்காய் எண்ணெய் தேச்சான், வேலுத்தாய் தங்கத்தோட நெஞ்சுக்குத் தேச்சா, பிச்சம்மா லூர்துமேரிக்குத் தேச்சுக்கிட்டே பழைய வலியெல்லாம் கதை கதையாச் சொன்னா. மேகம் கூடினா தழும்பெல்லாம் இழுக்கும், அந்த இழுப்பும் அட்டைப் பேருக்காரவுகளுக்குத்தான் வந்துச்சு. அளத்துக்காரனுக்கு மழைதான் எமன், குவிச்ச உப்பு ஒரு மழையில கரைஞ்சு போயிரும். கங்காணி ரேடியோவை நம்பி மழை இல்லேன்னு சொன்ன அன்னைக்குப் பலவேசம் தொடையைப் பிடிச்சுக்கிட்டு, "மூடுங்கலே, மூடுங்க"ன்னு கத்துனான், ஓடி ஓடிக் குவியல் மேல கீத்தைப் போட்டு மூடினோம், அரை மணியில கொட்டித் தீத்துச்சு. சுத்துப்பட்டு அளம் அம்புட்டும் கரைஞ்சது, தருவைமுனை உப்பு மட்டும் நின்னுச்சு. அதுக்குப் பொறவு எங்காளுகளைப் பிடிக்க முடியுமா? தழும்புக்காரன் எல்லாம் சட்டை போடாமத் திரிஞ்சான், பொம்பளைக கூட கோயில் கொடைத் திருவிழாவுல, "எனக்கு வந்தது குடல்வாலு, உனக்கு என்ன?"ன்னு நகை விசாரிக்கிற மாதிரி விசாரிச்சாளுக. ஒண்ணுமே இல்லாத நான்தான் முழுக்கை ஜாக்கெட்டு போட்டுக்கிட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

ஐப்பசியில தங்கபுஷ்பம் விழுந்தா. குடத்தைத் தூக்கி இடுப்புல வச்சவ அப்படியே சரிஞ்சு உட்கார்ந்துட்டா, காலு ரெண்டும் வீங்கியிருந்துச்சு, பேச்சுக்கு நடுவுல மூச்சைத் தேட வேண்டியிருந்துச்சு. நான்தான் டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசுல வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சுல இறங்கி வால்வைச் சுருக்கிட்டாம், உடனே மாத்தணும், தள்ளிப்போட்டா மூணு மாசம் தாங்குறது கஷ்டம்னு அங்க உள்ள டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாவ. வேலுத்தாய்க்கு வந்த அதே நோவு, அதே வால்வு. காப்பீட்டு மேசையில இருந்த தம்பி எங்க போனுக்கு ஒரு நம்பர் அனுப்பி, அதைக் கேட்டு வாங்கித் தங்கத்தோட பதிவைத் திறந்தான். படிச்சிட்டு எங்களைப் பாத்தான்.

"அம்மா, உங்களுக்கு ஒன்பது வருஷம் முன்னாலேயே வால்வு மாத்தியாச்சே."

"இல்ல தம்பி, எனக்கு மாத்தல"ன்னா தங்கம்.

"நெஞ்சுல தழும்பு இருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காங்களே?"

"தழும்பு இருக்கு. ஆபரேஷன்தான் நடக்கல."

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. சத்தம் போடல, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "ஸ்கேன்ல பழைய வால்வு, பதிவுல புது வால்வு. ரெண்டுல ஒண்ணு பொய்யாகுதும்மா. இதை நான் விசாரணைக்கு அனுப்பாம இருக்க முடியாது. பதிவுதான் பொய்யின்னா அட்டையையே ரத்து பண்ணிருவாங்க. உங்க ஊருல இன்னும் யாராவது இப்படி இருந்தா அவங்களுக்கும் அதேதான்."

வீட்டுக்கு வந்து தங்கத்தைப் பாயில சாய்ச்சு வச்சோம். வேலுத்தாய் எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து உட்கார்ந்தா, விஷயத்தைக் கேட்டதும் கிண்ணத்தைக் கீழ வச்சா.

"ஏட்டி, நான் போயி உள்ளதைச் சொல்லிருதேன். பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்"னா.

"நீ சொல்லிட்டா? மாசாமாசம் ரத்தம் பாத்து மாத்திரை வாங்குதியே, அது என் பேருலதானே?" தங்கம் மூச்சை இழுத்து இழுத்துப் பேசுனா. "அட்டை போச்சுன்னா மாத்திரை போச்சு. மாத்திரை போச்சுன்னா உன் வால்வுல ரத்தம் கட்டி எத்தனை நாளைக்குட்டி ஓடும்? உன்னைக் கொன்னுட்டா நான் பிழைக்கணும்?"

"நீ செத்துப்போனா மட்டும் செத்தவ பேருல எனக்கு எவன் மாத்திரை தருவான்?"

தங்கத்துக்குச் சிரிப்புதான் வந்துச்சு, சிரிச்சா இருமல் வந்துச்சு, இருமிக்கிட்டே ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாளுக. நான் சுவத்துல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நான் அட்டையை எடுத்துக் கொடுத்திருந்தா இந்தத் தழும்பு என் நெஞ்சுல இருந்திருக்கும், என் நெஞ்சுல ஒரு கோளாறும் கிடையாது, தங்கத்துக்கு ஒரே மூச்சுல ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். கொடுத்தவ சாகக் கிடக்கா, கொடுக்காதவ குத்துக்கல்லு மாதிரி நிக்கேன். அந்த நினைப்பு என்னைச் சோறு தின்ன விடல.

மறுநாள் காலையில மழையில நனைஞ்சுக்கிட்டே எப்சிபா சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். எல்லாத்தையும் கொட்டினேன். அவுக தலையில அடிச்சுக்கிட்டாவ, "உங்க ஊருல தழும்பு மாறினப்பவே நான் கேட்டிருக்கணும், எனக்கும் பயம், எம்புட்டுப் பேரு மாட்டுவீங்களோன்னு"ன்னாவ. பொறவு டேப்பை எடுத்து வச்சு எனக்குப் படிச்சுக் காட்டினாவ. பதிவு நோயாளியோட சொத்து. அதுல இருக்கிற ஒண்ணு தன்னோடது இல்லேன்னா, "இது எனதல்ல"ன்னு சொல்ல அவுகளுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னா அது அந்தரத்துல நிக்கும். யாருடையதோ அவுக வந்து, "இது என்னுடையது"ன்னு எடுத்துக்கிடணும்.

"எடுத்துக்கிட அவ பேருலயே ஒரு நம்பர் வேணும், நம்பருக்கு அட்டை வேணும், அட்டைக்கு ரேஷன் கார்டு, ரேஷன் கார்டுக்கு இருப்பிடச் சான்று. வேலுத்தாய் இந்த ஊருலதான் இருக்கான்னு யாராவது சாட்சி சொல்லணும். பதிவுல வில்லங்கம் உள்ளவங்க சொன்னா செல்லாது. தழும்பு வாங்காத, சுத்தமான பதிவு உள்ள ஆளு உங்க தெருவுல யாரு இருக்கா?"ன்னு கேட்டாவ சிஸ்டர்.

"நான் ஒருத்திதான் இருக்கேன்"னேன். அதைச் சொல்லும்போது எனக்கு வெக்கமா இருந்துச்சு, கூடவே பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு சந்தோஷமும் வந்துச்சு.

மழைக்காலத்துல அளத்துல வேலை கிடையாது. நான் போயி வி.ஏ.ஓ. ஆபீஸ் படியில உட்கார்ந்தேன். வேலுத்தாய்க்கு மட்டும் இல்ல, அளத்தை ஒட்டின குடிசை வரிசையில அட்டை இல்லாம இருக்கிற இருபத்தேழு பேருக்கும் விண்ணப்பம் எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். "ஒரே ஆளு இருபத்தேழு பேருக்குச் சாட்சியா?"ன்னு கேட்டாரு வி.ஏ.ஓ. "ஆமா, இவுக அம்புட்டுப் பேரும் எத்தனை வருஷமா இங்க உப்பு வாருறாவன்னு எனக்குத் தெரியும், எந்தக் குடிசை எந்தப் பக்கம் ஒழுகும்னு தெரியும், வேணும்னா கேளுங்க"ன்னேன். அவரு பத்து நாள் இழுத்தாரு, நான் பத்து நாளும் சோத்துச்சட்டியோட போயி அதே படியில உட்கார்ந்தேன். கடைசியில, "அம்மா, தயவு பண்ணி எந்திச்சு வாங்க"ன்னு கூப்பிட்டு அவரே பேனாவைக் கொடுத்தாரு. இருபத்தேழு தடவை அன்னபாக்கியம், அன்னபாக்கியம்னு என் பேரை எழுதினேன். கார்த்திகை பிறக்க நம்பர் வந்துட்டு, நம்பரோட புது அட்டையும் வந்துட்டு.

அட்டை வந்த நாலாம் நாள் விசாரணையும் வந்துச்சு. ஜீப்புல இளம்பரிதி டாக்டர்னு ஒரு அதிகாரி வந்து கிட்டங்கியில நாற்காலி போட்டு உட்கார்ந்தாரு, பக்கத்துல எப்சிபா சிஸ்டரும் வி.ஏ.ஓ.வும் நின்னாவ. ஊரே உள்ள நின்னுச்சு. அவரு தங்கத்தை முன்னால உட்கார வச்சு, நெஞ்சுல குழல் வச்சுக் கேட்டாரு, தழும்பைப் பாத்தாரு, டேப்பைப் பாத்தாரு.

"தழும்பு இருக்கு. வால்வுச் சத்தம் இல்ல. உண்மையைச் சொல்லுங்கம்மா. இந்த ஆபரேஷன் யாருக்கு நடந்தது?"

தங்கம் வாயைத் திறக்கல. ஒருத்தரும் திறக்கல. முந்நூறு பேரு மூச்சடக்கி நின்ன அந்த இடத்துல டிக் டிக்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு, டாக்டர் காதுல இருந்த குழலைக் கழட்டினாரு, அப்பவும் கேட்டுச்சு. அவரு தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாரு. தங்கம் வேலுத்தாய் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "பேசாம இருட்டி"ன்னா. வேலுத்தாய் அந்தக் கையை மெதுவா விலக்கிட்டு முன்னால போனா, மடியில இருந்த புது அட்டையை எடுத்து மேசையில வச்சா.

"அது என் நெஞ்சு சார். என் நோவு, என் ஆபரேஷன். இவ பேருல எழுதிக் கிடக்கு. அதை எனக்குத் தாங்க."

"இது எம்புட்டுப் பெரிய குத்தம்னு தெரியுமா?"

"தெரியும் சார். அன்னைக்கு எனக்குன்னு அட்டை இல்ல, உசுரு மட்டும் இருந்துச்சு. அதைக் காப்பாத்தக் கேட்டேன், கொடுத்தா. இப்ப அட்டை இருக்கு, என்னுதை நான் கேக்கேன்."

தங்கபுஷ்பம் டேப்புல விரலை வச்சா. வேலுத்தாய் விரலை வச்சா. அந்தப் பொம்பளைக் குரல், "பதிவுகள் இணைக்கப்பட்டன"ன்னு சொல்லுச்சு. தங்கம் தன் நெஞ்சைத் தடவிப் பாத்தா, குழந்தை நெஞ்சு மாதிரி சுத்தமா இருந்துச்சு. வேலுத்தாய் சேலையை ஒதுக்கி, தொண்டைக்குழிக்குக் கீழ வந்து நின்ன தன் கோட்டைப் பாத்து, "வந்துட்டியா"ன்னு கேட்டா.

அவ்வளவுதான், கிட்டங்கி அதிர்ந்துச்சு. "பலவேசம் அண்ணன் தொடையில இருக்கிறது என்னுது சார்!"ன்னு செல்லையா அட்டையை உசத்திக்கிட்டு வந்தான். "அந்தப் பித்தப்பை என்னுது"ன்னா பிச்சம்மா. "ரெண்டு குடலிறக்கமும் எனக்குத்தான், ஒண்ணுகூட விட்டுத்தர மாட்டேன்"னு ஒரு கிழவர் சண்டைக்கு வந்தாரு. வரிசை கட்டி வந்தாவ. வியாதியை இம்புட்டுப் பெருமையா உரிமை கொண்டாடின ஊரை நீங்க எங்கேயும் பாத்திருக்க மாட்டீங்க. அந்தக் குரல் கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு தழும்பு வீடு திரும்புச்சு, ஒவ்வொருத்தரும் தடவிப் பாத்துட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனாவ.

பலவேசம் விலாவுல மட்டும் ஒண்ணு மிஞ்சுச்சு. "இது யாருடையது?"ன்னு கேட்டாரு டாக்டர்.

"தவமணியோடது. செத்துட்டான் சார். ரேஷன் கார்டுல கிடையாது, ஓட்டு லிஸ்ட்டுல கிடையாது, செத்ததைக்கூட யாரும் எங்கேயும் எழுதல. அவன் இருந்தாங்கிறதுக்கு இந்த ஒரு தழும்புதான் இருக்கு. இது என்கிட்டவே இருந்துட்டுப் போகட்டும்"னான் பலவேசம். எப்சிபா சிஸ்டர் டேப்பை வாங்கி, அவன் பதிவுல குறிப்பு எழுதுற கட்டத்துல, "தவமணி, உப்பளத் தொழிலாளி, தருவைமுனை"ன்னு அடிச்சு வச்சாவ. இன்னைக்கும் மேகம் கூடினா பலவேசம் விலாதான் முதல்ல சொல்லும், "தவமணி சொல்லுதான், மூடுங்கலே"ம்பான்.

இளம்பரிதி டாக்டர் டேப்புல ஒவ்வொரு பதிவாத் தள்ளித் தள்ளிச் சரிபாத்தாரு. விசாரிக்க வந்த பதிவுல இப்ப ஒரு பிழையும் இல்ல, அவுக அவுக நோவு அவுக அவுக பேருல இருந்துச்சு. "அடுத்தவங்க பேருல வைத்தியம் பாத்தா என்ன பண்ணணும்னு எங்க விதியில இருக்கு. என் வியாதியை என்கிட்ட கொடுங்கன்னு கேட்டு வரவங்களை என்ன பண்ணணும்னு ஒரு வரிகூட இல்ல"ன்னாரு. பொறவு தங்கபுஷ்பத்தோட விண்ணப்பத்தை எடுத்து, முதல் முறை அறுவை சிகிச்சை, அனுமதிக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. போகும்போது என்னைப் பாத்து, "இனிமே அட்டை இரவல் கிடையாது, சரியா?"ன்னாரு.

"இரவலுக்கு இனிமே என்ன வேலை சார்? எவளாவது வந்து கேட்டா கையைப் பிடிச்சு வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு இழுத்துட்டுப் போவேன். படி எனக்குப் பழகின படிதான்"னேன். வி.ஏ.ஓ. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

மார்கழியில ஆபரேஷன். காலையில ஏழு மணிக்குத் தங்கத்தை உள்ள கொண்டு போனாவ. நானும் வேலுத்தாயும் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அந்த வராந்தா நல்லாத் தெரியும்; ஒன்பது வருஷமா மாசாமாசம் இங்க வந்து, இதே பெஞ்சுல உட்கார்ந்து, தங்கபுஷ்பம்னு கூப்பிட்டதும் எந்திச்சுப் போயி ரத்தம் கொடுத்து மாத்திரை வாங்கினவ. அவ சத்தத்தை எண்ணிக்கிட்டே நான் இருந்தேன். இடையில, "ஏட்டி, அன்னைக்கு என் அட்டை சாமிப் படத்துக்குப் பின்னாலதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டேன். அவ என்னைப் பாக்காமலே, "எனக்குத் தெரியும்க்கா, ஓரம் வெளியில தெரிஞ்சுச்சு"ன்னா. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அவ என் கையை எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டா.

ரெண்டரை மணிக்குக் கதவு திறந்துச்சு. ஒரு நர்சுப் பொண்ணு சிரிச்ச முகத்தோட தலையை நீட்டி, "தங்கபுஷ்பம்!"னு கூப்பிட்டா.

வேலுத்தாய் பட்டுனு எந்திச்சுட்டா. எந்திச்ச பொறவுதான் அவளுக்கே தெரிஞ்சுது. நர்சுப் பொண்ணு அவளை மேலயும் கீழயும் பாத்து, "நீங்களா தங்கபுஷ்பம்?"னு கேட்டா. வராந்தாவுல இருந்த அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாவ. வேலுத்தாய் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நிமிந்து நின்னா, அவ நெஞ்சுச் சத்தம் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு.

"தங்கபுஷ்பம் உள்ள இருக்கா"ன்னா. "நான் வேலுத்தாய்."